புண் ஆறவில்லையா? தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கமிருந்து என்னிடம் காலில் புண்ணோடு நிறையப் பேர் வருகிறார்கள். மீன் முள் குத்தியது, அன்னக்கூடை விளிம்பு கிழித்தது என்று சின்னதாகத்தான் ஆரம்பிக்கும். சர்க்கரை, ரத்த ஓட்டம், கிருமித் தொற்று இந்த மூன்றையும் முதலில் பார்ப்போம். மூன்றும் கட்டுக்குள் இருந்தும் சிலருக்குப் புண் மூடாது.

மீன் விற்கும் ஓர் அம்மாவுக்கு அப்படித்தான். கட்டு மாற்றும்போது, "ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டேன். "எங்க டாக்டரம்மா தூங்கறது? வாதம் வந்து அவரு படுத்த படுக்கையா கெடக்குறாரு. ராத்திரில புரட்டிப் படுக்க வைக்கணும், விடியறதுக்குள்ள ஏலத்துக்கு ஓடணும்" என்றார்.

1995-இல் அமெரிக்காவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவரைப் போன்றவர்களைப் பற்றியதுதான். மறதிநோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் ஏற்படுத்திக் கவனித்தார்கள். மற்ற பெண்களைவிட இவர்களுக்கு ஆறுவதற்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது.

கவலை நீடித்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், அது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும், கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். காயம்பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களைக் கூப்பிடும் ரசாயனங்களைக் கார்டிசால் அடக்கிவிடும். போதாததற்குச் சர்க்கரையையும் ஏற்றும். இன்னொரு வழியும் இருக்கிறது. வெள்ளணுக்கள் நிறைந்திருக்கும் மண்ணீரல் வரைக்கும் நரம்புகள் ஓடுகின்றன. அவற்றின் முனையில் வெளிப்படும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை ஏற்கும் ஏற்பிகள் வெள்ளணுக்களின் மேலேயே இருக்கின்றன. மூளை பதறினால் அந்தச் செய்தி அவற்றுக்கும் போய்விடும். அதற்காக, கவலையை விட்டால் போதும், புண் தானாக ஆறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டும் மாத்திரையும் கட்டாயம் வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையும் கார்டிசாலின் வேலையைத்தான் செய்கிறது. மூட்டுவலிக்கென்று சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. புண் ஆறாமல் இருக்க அதுவே காரணமாகலாம். ஆனால் தெரிந்த உடனே சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. அட்ரீனல் தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அந்த அம்மாவின் மகனைக் கூப்பிட்டுப் பேசினேன். வாரத்தில் பாதி ராத்திரி அப்பாவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் நோயாளியைக் கவனிப்பவருக்குப் புண் இருந்தால், மருத்துவரிடம் சுகர் ரிப்போர்ட்டோடு அவருடைய தூக்கம், வீட்டு நிலவரம், போடுகிற எல்லா மாத்திரைகளையும் சொல்லுங்கள். புண்ணைச் சுற்றிக் கறுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்கள்.