பசுமை ஹைட்ரஜன் சான்றிதழ்: 2 கிலோ வரம்பும் மீட்டர் கணக்கும்

சோலாரிலோ காற்றாலையிலோ வரும் மின்சாரத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்து எடுப்பதுதான் பசுமை ஹைட்ரஜன் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அரசு அதைப் பசுமை என்று ஒத்துக்கொள்ள ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த வரையறைப்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு 12 மாத சராசரியில் 2 கிலோவைத் தாண்டக்கூடாது. தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசர் மட்டும் இல்லை, தண்ணீர் சுத்திகரிப்பு, வாயுவை உலர்த்துவது, கம்ப்ரசர் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

2 கிலோ என்றால் தாராளம் மாதிரி தெரியும், கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகிறது. நம் கிரிட்டில், அதாவது பொது மின்கட்டமைப்பில், நிலக்கரிதான் பெரும்பங்கு என்பதால் யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதாவது அந்த 55 யூனிட்டில் வெறும் மூன்று யூனிட் சாதாரண கிரிட் மின்சாரமாகப் போய்விட்டாலே வரம்பு முடிந்தது.

அந்த மூன்று யூனிட் எங்கே நழுவும்? சாயங்காலம் சோலார் இறங்கும்போது. ஆல்கலைன் வகை எலக்ட்ரோலைசரை ஒரு அளவுக்குக் கீழே ஓட்ட முடியாது, ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் கலந்து ஆபத்தாகிவிடும். அப்போது ஒன்று நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பேட்டரியிலோ கிரிட்டிலோ இருந்து எடுத்து ஓட்ட வேண்டும். இந்த முடிவை ஆள் வைத்து எடுக்க முடியாது. நாளை எவ்வளவு வெயில், எவ்வளவு காற்று என்று முன்கூட்டிக் கணித்து, அந்த ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு லோடு, எங்கிருந்து மின்சாரம் என்று திட்டம் போடும் சாஃப்ட்வேர் வேண்டும்.

பேட்டரியில் சேமித்ததும், விதிப்படி கிரிட்டில் பேங்கிங் செய்ததும் (மிச்ச மின்சாரத்தைக் கிரிட்டுக்குக் கொடுத்துவைத்து பின்னால் திரும்ப எடுப்பது) புதுப்பிக்கத்தக்க மின்சாரமாகவே எடுத்துக்கொள்ளப்படும். நம்மூர் காற்றாலைக்காரர்களுக்கு பேங்கிங் பழகிய விஷயம்தான். ஆனால் எந்த யூனிட் எப்போது உள்ளே போனது, எப்போது திரும்ப வந்தது என்று நேரத்தோடு பதிவு இருக்க வேண்டும். இதில் சின்னதாகத் தெரியும் ஒரு சிக்கல்: சோலார் இன்வர்ட்டரின் கடிகாரமும் ஈ.பி. மீட்டரின் கடிகாரமும் சில நிமிடம் விலகி இருந்தாலே 15 நிமிடத் துண்டுகள் ஒத்துப்போகாது. எலக்ட்ரோலைசருக்கு, கம்ப்ரசருக்கு, தண்ணீர் பிளான்ட்டுக்கு என்று தனித்தனி மீட்டர், எல்லாவற்றுக்கும் ஒரே நேரம். இதை ஆலை வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள், கட்டி முடித்த பிறகு சேர்ப்பது பெரிய தலைவலி.

இந்தப் பதிவை எல்லாம் யார் கேட்பார்கள்? 2025 ஏப்ரலில் சான்றிதழ் திட்டம் வந்துவிட்டது. மத்திய அரசின் எரிசக்தி திறன் செயலகம் (BEE) அங்கீகரித்த நிறுவனங்கள் வந்து சரிபார்க்கும். அரசு ஊக்கத்தொகை வாங்கும் ஆலைக்கு இது கட்டாயம். தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒதுக்கிய 19,744 கோடி ரூபாயில் 17,490 கோடி ஊக்கத்தொகைக்குத்தான். ஏல முறையில் உற்பத்தியாளருக்கு முதல் ஆண்டு கிலோவுக்கு அதிகபட்சம் 50 ரூபாய், அப்புறம் 40, மூன்றாம் ஆண்டு 30. இவ்வளவு பணத்தை நம்பிப் போடும் திட்டத்தில் மீட்டருக்குச் செலவு பார்ப்பது சரியில்லை என்பது என் கருத்து.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கிய முன்னோடி ஆலை மணிக்கு 10 கன மீட்டர், அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவுதான் எடுக்கிறது. இந்த மாதிரி சின்ன ஆலையில் பதிவு முறையைப் பழகிக்கொள்வது சுலபம்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி நினைப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே 2029 முடியும்வரை புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தியும் ஆலை எடுக்கும் மின்சாரமும் மாதவாரியாக ஒத்துப்போனால் போதும், 2030 முதல் மணிவாரியாக. நம் 12 மாத சராசரியை மட்டும் மனதில் வைத்துக் கட்டிய ஆலை அங்கே மாட்டிக்கொள்ளும், அதனால் முதல் நாளிலிருந்தே மணிவாரிப் பதிவைச் சேர்த்து வையுங்கள்.