சோதனை பாஸாகிறது, ஆனால் எதைச் சோதிக்கிறது?

கம்பைலரைப் புதுப்பித்ததும், அதையே சோதிக்க எழுதிய பழைய சி சோதனை நிரல்கள் கொத்தாக ஃபெயிலானால், பிழைச்செய்தி மறையும்வரை திருத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மற்ற நிரல்களுக்கு அது போதும். சோதனை நிரலில் பிழையாகத் தெரியும் அந்த வரியே சோதனையின் உயிராக இருக்கலாம்.

2024-இல் வந்த ஜிசிசி 14 கம்பைலர், அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது, டைப் எழுதாமல் விடுவது, பொருந்தாத பாயிண்டர்களைக் கலப்பது போன்ற பழைய எச்சரிக்கைகளைப் பிழைகளாக்கியது. 2025-இல் ஜிசிசி 15 இயல்புத் தரநிலையையே ஜிஎன்யு23-க்கு, அதாவது ஜிசிசியின் நீட்டிப்புகள் சேர்ந்த சி23-க்கு, மாற்றியது. இரண்டாவதுதான் பெரிய அடி. சி23-இல் ஃபங்ஷன் பெயருக்குப் பின் காலி அடைப்புக்குறி இருந்தால் ஆர்குமென்ட்டே கிடையாது என்று பொருள். அதற்குமுன், ஆர்குமென்ட் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள். ஆர்குமென்ட்டுகளின் டைப்பை அடைப்புக்குறிக்கு வெளியே எழுதும் பழைய கே அண்ட் ஆர் பாணி டெஃபினிஷன் அடியோடு நீங்கியது. பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் கீவேர்டுகளாயின.

எடுத்துக்காட்டாக, புரோட்டோடைப் (ஆர்குமென்ட்டுகளின் டைப்பைச் சொல்லும் அறிவிப்பு) இல்லாத அழைப்பில் ஃப்ளோட் ஆர்குமென்ட் டபுளாக உயர்ந்து செல்லும். கே அண்ட் ஆர் டெஃபினிஷன் அதை உள்ளே மீண்டும் ஃப்ளோட்டாகச் சுருக்கும். எக்ஸ்86-64 லினக்ஸில் அப்படி அழைக்குமுன், ஆர்குமென்ட்டுகளுக்குப் பயன்படும் வெக்டர் ரெஜிஸ்டர்களின் எண்ணிக்கைக்கு ஒரு மேல்வரம்பை ஏஎல் ரெஜிஸ்டரில் வைக்கவேண்டும். புரோட்டோடைப் சேர்த்ததும் இவை எதுவும் நடக்காது. சோதனை பாஸாகும், கம்பைலரின் அந்தப் பகுதியோ சோதிக்கப்படாமலே கிடக்கும்.

இத்தகைய நிரல்களைத் தொடவேண்டாம்; சி23-க்கு முந்தைய ஜிஎன்யு17 தரநிலையை அந்தக் கோப்பிலேயே குறித்துவிடுங்கள். ஜிசிசியின் சோதனைகளை ஓட்டும் டெஜாக்னுவில், டிஜி-ஆப்ஷன்ஸ் என்ற குறிப்பு இயல்பு ஆப்ஷன்களை நீக்கிவிடும் என்பதால், அவையும் தேவைப்படும் இடத்தில் டிஜி-அடிஷனல்-ஆப்ஷன்ஸ் எழுதுங்கள். அதே குறியீட்டை சி23-இல் ஓட்டி, பிழை வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் இணைச் சோதனையும் வையுங்கள்.

பழைய வழக்கம் தற்செயலாக வந்திருந்தால் நிரலைத் திருத்தலாம். மெயினுக்கு முன் இண்ட் சேருங்கள். நிரலை நிறுத்தும் அபார்ட் ஃபங்ஷனுக்காக ஹெடரை இழுக்காமல் அறிவிப்பை நேரே எழுதுங்கள். நூலக ஹெடரே இல்லாத டார்கெட்டுகள் உண்டு. பூல் என்று இண்ட்டுக்குப் பெயர் வைத்திருந்தால் பெயரை மாற்றுங்கள். உண்மையான பூலுக்கு மாறினால், வழக்கமான டார்கெட்டுகளில் அளவு 4 பைட்டிலிருந்து 1 பைட்டாகி ஸ்ட்ரக்ட்டின் அமைப்பே மாறும்.

எல்லாவற்றுக்கும் எஃப்-பெர்மிஸிவ் என்ற கம்பைலர் ஆப்ஷனைக் கொடுத்துத் தப்பிக்கவும் முடியாது. அது ஜிசிசி 14 கொண்டுவந்த பிழைகளை எச்சரிக்கையாக இறக்கும். காலி அடைப்புக்குறியின் பழைய பொருளைத் திருப்பித் தராது.

திருத்தம் சரிதானா என்று பார்க்க, பழைய கோப்பையும் புதியதையும் ஒரே கம்பைலரில், ஜிஎன்யு17-இல், ஓ0, ஓ2 என்ற இரண்டு ஆப்டிமைசேஷன் நிலைகளிலும் அசெம்பிளியாக்கி ஒப்பிடுங்கள். வேறுபட்டால், அந்த வேறுபாடு சோதனையின் நோக்கத்தைத் தொடுகிறதா என்று வரிவரியாகப் பாருங்கள்.

பில்டுக்கு முன் கணினியில் என்னென்ன வசதி உண்டு என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டின் சோதனைத் துணுக்குகள்தான் மிக ஆபத்தானவை. ஹெடர் இல்லாமல் எக்ஸிட்டை அழைக்கும் துணுக்கு கம்பைல் ஆகாவிட்டால், ஸ்கிரிப்ட் அதைப் பிழையாகக் காட்டாது. அந்த வசதி இல்லை என்று முடிவெடுத்து மாற்று வழியில் பில்டை முடித்துவிடும். பழைய கம்பைலரிலும் புதியதிலும் உருவான கான்ஃபிக் ஹெடர்களை டிஃப் போட்டு, இருந்த வசதி காணாமல்போன ஒவ்வொரு வரிக்கும் கான்ஃபிக் லாகில் காரணம் தேடுங்கள்.