உயிர்ச்சத்தா, ஊட்டச்சத்தா?

பித்தக்குழாயில் கல் அடைத்துக் கண் மஞ்சளித்துப்போனவருக்கு, எண்டோஸ்கோப் எனும் உள்நோக்கிக் குழாயை வாய்வழி இறக்கிக் கல்லை எடுப்பார்கள். அதற்கு முன் இங்கே பினாங்கில் குடும்பத்தாருக்குத் தமிழில் சொல்லப்படுவது: "அப்பாவுக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு, இரத்தக் கசிவு வரலாம்." புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் இதே வாசகம்தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மருத்துவர் சொன்னது வைட்டமின் கே குறைபாடு.

வைட்டமின் என்பது 1912-இல் காசிமிர் ஃபங்க், இலத்தீனில் உயிரைக் குறிக்கும் 'வீட்டா'வோடு 'அமைன்' சேர்த்து உண்டாக்கிய பெயர். நம் 'உயிர்ச்சத்து' அந்த வீட்டாவின் வழி வந்தது. கே என்ற எழுத்து டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் 1935-இல் வைத்தது. டேனிய, ஜெர்மன் மொழிகளில் 'உறைதல்' என்ற சொல்லின் முதலெழுத்து.

ஊட்டச்சத்தோ மாவு, புரதம், கொழுப்பு, தாது எல்லாம் அடங்கிய பெருஞ்சொல். ஊட்டச்சத்துக் குறைபாடு என்றதும் 'சரியாகச் சாப்பாடு போடவில்லை' என்றுதான் காதில் விழும். மருமகள் குற்றவாளி ஆகிவிடுகிறாள். மகன் பால்மாவு டின் வாங்க ஓடுகிறான். பக்கத்து வீட்டு அக்கா கீரைக் கட்டோடு வந்து நிற்கிறார். கீரையில் வைட்டமின் கே ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் அது கொழுப்பில் கரையும் சத்து. குடலில் பித்தநீர் இருந்தால்தான் உடம்பில் சேரும். குழாய் அடைபட்டுப் பித்தநீர் இறங்காதபோது தின்ற கீரை என்ன செய்யும்? கல்லீரலுக்கு இந்தச் சத்து போதாவிட்டால் இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான 2, 7, 9, 10 எண்ணுள்ள உறைவுக் காரணிகள் ஒழுங்காக உருவாகா. அந்த நிலையில் கல்லை எடுப்பதற்காகக் குழாய் வாயிலுள்ள சுருக்குத்தசையை வெட்டினால் இரத்தம் சட்டென்று நிற்காது. அதனால்தான் உறைவு நேரத்தை முதலில் பார்த்து, தேவைப்பட்டால் வைட்டமின் கே ஊசி போடுகிறார்கள். இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'சத்து ஊசி'! "நான் தெம்பாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு சத்து ஊசி?" என்று பெரியவர் கையை இழுத்துக்கொண்டால் அவர் மேல் என்ன தப்பு?

'உயிர்ச்சத்து கே' என்றே சொல்லலாம். நாக்குக்கு வராதவர் வைட்டமின் கே என்றால் குடி முழுகாது. கே-யைக் 'க' ஆக்கத் துடிக்கும் அன்பர்கள் மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை பார்க்கட்டும். மலாய்க்காரர் 'வித்தாமின் கே' என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். நம் மொழிபெயர்ப்பாளர்தான் தூய தமிழ் என்று எண்ணிப் பொருளையே மாற்றிவிடுகிறார்.

அந்த 'இரத்தக் கசிவு'ம் எனக்கு ஒப்பவில்லை. கசிவு தண்ணீர்க் குழாயடியில் இருக்கட்டும், இது இரத்தப்போக்கு. வெட்டிய இடத்திலிருந்து, வீடு திரும்பிச் சில நாள் கழித்தும் வரலாம். மலம் தார் போல் கறுத்துப்போகும். வெறும் கசிவுதானே என்று நினைத்தவர் அவசரப் பிரிவுக்கு எப்போது கிளம்புவார்?