கிணற்று நீர் இறங்கினால் நிலமும் இறங்கும்

2024 ஆகஸ்டில் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கியது. நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண் அதற்குள் விழுந்தார். பல நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. தீபாவளிக்குப் புடவை எடுக்க நாங்கள் சிறு வயதிலிருந்து போய்வரும் தெரு அது. இப்போதும் அங்கே போகிறேன் என்றால் அம்மா "பார்த்து நடம்மா" என்கிறார். தரைக்கு அடியில் நடப்பதை எப்படிப் பார்ப்பது?

அந்தக் கேள்வியோடு நான் ரவாங் பக்கம் இருக்கும் பத்து ஆராங்குக்குப் போய்வந்தேன். ஊரின் பெயருக்கே மலாயில் நிலக்கரி என்றுதான் பொருள். 1915 முதல் 1960 வரை அங்கே கரி எடுத்தார்கள், திறந்த குழியிலும், பூமிக்கு அடியில் சுரங்கம் வெட்டியும். நாட்டின் ரயில்களும் பங்சார் மின் நிலையமும் அந்தக் கரியில் ஓடின. சீனர்களோடு நம் ஆட்களும் அங்கே உழைத்தார்கள். ரயில்கள் எண்ணெய்க்கு மாறின, சுரங்கம் மூடப்பட்டது. வெட்டிய வழிகள் மட்டும் ஊருக்கு அடியில் இன்னும் இருக்கின்றன.

நிலக்கரியை அடியிலிருந்து எடுக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, இடையிடையே கரித் தூண்களை விட்டுவிட்டு வெட்டுவது. மேலே இருக்கும் பாறையை அந்தத் தூண்கள் தாங்கும். ஆனால் ஐம்பது, அறுபது வருடம் கழித்துக்கூட ஒரு தூண் நொறுங்கி, மேலே திடீரென்று குழி விழலாம். இன்னொன்று, ஒரு நீண்ட சுவரைச் சீவுவதுபோல் கரி அடுக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டே போவது. இதில் பின்னால் கூரை இடிந்து விழவேண்டும் என்பதுதான் திட்டமே. கூரை இடிய இடிய அதற்கு மேலுள்ள பாறைகளும் வெடிப்பு விட்டு வளைந்து இறங்க, தரையில் ஒரு பெரிய ஆழமில்லாத கிண்ணம் உருவாகிறது.

அந்தக் கிண்ணம் வெட்டிய இடத்தைவிட அகலமானது. வெட்டிய ஓரத்திலிருந்து செங்குத்துக் கோட்டுக்கு ஏறக்குறைய 35 பாகை சாய்வில் பாதிப்பு வெளியே பரவும் என்று கணக்குப் போடுவார்கள். 200 மீட்டர் ஆழத்தில் வெட்டினால், சுரங்க எல்லைக்கு வெளியே சுமார் 140 மீட்டர் தள்ளியுள்ள வீடும் கணக்கில் வந்துவிடும். கிண்ணத்தின் விளிம்பில் நிலம் இழுபடுகிறது, அங்கேதான் சுவரில் விரிசல் விடும். நடுவில் நிலம் நெரிபடுகிறது.

சரி, இதில் தண்ணீர் எங்கே வருகிறது? கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது கைக்குத் தெரியும். வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கனமே இல்லை. நீர்மட்டத்தை விட்டு மேலே வந்ததும் கயிறு கையை இழுக்கும். மண்ணும் அப்படித்தான். அதன் இடுக்குகளில் நிற்கும் நீர் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கிறது. நீரை இறைத்து எடுத்துவிட்டால் முழுப் பாரமும் மண் துகள்கள் மேல் விழுகிறது, அவை நெருங்கி அமுங்குகின்றன, தரை இறங்குகிறது. சுண்ணாம்புப் பாறையில் இது இன்னும் மோசம். பாறைக்குள் ஏற்கெனவே பொந்துகள் இருக்கும் (பத்துமலைக் குகைகளை நினைத்துக்கொள்ளுங்கள், கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பதும் சுண்ணாம்புப் பாறைதான்). நீர்மட்டம் இறங்கினால் பொந்தின் மேல் நிற்கும் மண் தாங்கலை இழந்து உள்ளே சரியும். தென்னாப்பிரிக்காவின் வெஸ்ட் டிரீஃபொன்டைன் தங்கச் சுரங்கத்தில் இப்படி நீரை இறைத்து வெளியேற்றியதால், 1962 டிசம்பரில் ஒரு குழி திறந்து, கல் உடைக்கும் ஆலையோடு 29 பேரை விழுங்கியது.

கோலாலம்பூரில் வெள்ள நீருக்கும் வாகனங்களுக்குமான ஸ்மார்ட் சுரங்கப்பாதையைத் தோண்டியபோது முகப்பில் சேற்றுக் குழம்பை அழுத்தத்தில் வைத்துக்கொண்டே முன்னேறும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் வடிந்துவிடக் கூடாது.

கரிச் சுரங்கத்தில் நீரைத் தடுத்து வைக்க வழியில்லை. பாறை வெடித்ததும் மேலுள்ள ஊற்று அந்த வெடிப்பு வழியாக இறங்கிவிடும், கிணறு வற்றும். சில கிணறுகள் பிறகு தேறும், சில தேறாது. சுரங்கம் மூடிய பிறகு நீரை இறைக்கும் பம்பை நிறுத்தினால் பழைய வழிகளில் நீர் ஏறி, கந்தகமும் இரும்பும் கலந்த கனிமத்தைக் கரைத்துக்கொண்டு செம்பழுப்பாக ஓடைக்கு வரும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசிச் சுரங்கம் 2018இல் மூடப்பட்டது. ஆனால் சில இடங்களில் நிலம் 20 மீட்டருக்கும் மேல் இறங்கியிருப்பதால், அது நீரில் மூழ்காமலிருக்க அங்கே பம்புகளை என்றைக்குமே நிறுத்த முடியாது. அந்தச் செலவுக்கென்றே ஒரு அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் பென்சில்வேனியா. 1992இல் வந்த கூட்டரசுச் சட்டம், சுரங்கத்தால் வற்றிய குடிநீருக்கு மாற்று நீரும், சேதமான வீட்டுக்குப் பழுதுபார்ப்போ இழப்பீடோ தரவேண்டும் என்றது. 1994இல் பென்சில்வேனியா ஒரு படி மேலே போனது. அந்த 35 பாகை எல்லைக்குள் ஒரு கிணறு கெட்டால், காரணம் சுரங்கம்தான் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கவேண்டியது கம்பெனி. வேறு நீர் இல்லாத வீட்டுக்கு 24 மணி நேரத்தில் தற்காலிகத் தண்ணீர் தரவேண்டும். இந்தச் சலுகையை வீட்டுக்காரர் இழக்கக்கூடிய ஒரு இடமும் உண்டு: தோண்டுவதற்கு முன் கிணற்றை அளக்க வந்தவர்களை அவர் உள்ளே விடாமல் அனுப்பியிருந்தால்.

இதில் மிக முக்கியமானது அந்த முன் அளவுதான் என்று நினைக்கிறேன். எவ்வளவு நீர் இருந்தது, எப்படி இருந்தது என்று எழுதி வைக்காத கிணற்றுக்காக எந்த நீதிமன்றத்திலும் வாதாடுவது கடினம். பத்து ஆராங் மூடிய 1960இல் இந்த இரண்டு சட்டங்களும் இல்லை.

ரவாங்கில் மாமா வீட்டில் இன்னும் கிணறு இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் கல்லுடைக்கும் சத்தம் கேட்கும். போன மாதம் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை இறக்கிப் பார்த்து, சமையலறைக் காலண்டரில் தேதிக்குக் கீழே எண்ணை எழுதுகிறார். "மழை பெய்ததா என்பதையும் எழுதுங்க மாமா" என்றேன். அப்புறம் அதையும் எழுத ஆரம்பித்துவிட்டார்.