ஜெயிலுக்குப் போனால் கடன் தீராது, 1700-களிலும் தீரவில்லை

‘ஐ.பி. போட்டுட்டா கடன் போயிடும்ல சார்?’ என்ற கேள்விக்கு (ஐ.பி. என்றால் திவால் மனு) வக்கீலான எனக்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டது. இப்போது புதிதாக இன்னொன்று வருகிறது: ‘வேணும்னா மூணு மாசம் உள்ள இருந்துட்டு வந்துடறேன், அதோட கணக்கு முடிஞ்சிடும்ல?’ யாரோ வீடியோவில் சொன்னாராம். வெள்ளைக்காரன் ஊரில் கடனாளியை ஜெயிலில் போட்டால் அத்தோடு கடன் ரத்தாம், அவன் கொண்டுவந்த சட்டம்தான் இங்கேயும் ஓடுகிறதாம். இதை நம்பி ஒரு விசைத்தறிக்காரர் வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டு, திவாலாகிறேன் என்ற மஞ்சள் நோட்டீஸும் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு என்னிடம் வந்தார். இப்படி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் ஊர் சட்டம் என்கிறீர்கள். சரி, அதையே பார்த்துவிடுவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடனுக்காக ஜெயிலில் இருந்தவர்களுக்குப் பொதுவாக எந்த நீதிபதியும் ‘இத்தனை மாதம்’ என்று தண்டனை விதிக்கவில்லை. அது தண்டனையே அல்ல. கடன் கொடுத்தவர் ‘இவர் எனக்கு இவ்வளவு தர வேண்டும்’ என்று அபிடவிட் போட்டால் பிடிவாரண்டு கிடைக்கும். வழக்கு விசாரணைக்கே வந்திருக்காது, ஆனால் ஆள் உள்ளே. இந்தக் கூத்து மிஞ்சிப்போனதால்தான் 1725-இல் ஒரு வரம்பு வைத்தார்கள்: உயர் நீதிமன்றங்களில் 10 பவுண்டுக்கும், கீழ் நீதிமன்றங்களில் 40 ஷில்லிங்குக்கும் குறைந்த தொகைக்கு வழக்கு முடியும் முன்பே ஆளைப் பிடிக்கக் கூடாது. அந்த ஊர் அமீனாவுக்கும் கட்டுப்பாடு இருந்தது. வாசல் கதவை உடைக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பிடிக்கக் கூடாது. ஆகவே ஆறு நாள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருந்துவிட்டு, ஞாயிறு மட்டும் தெருவில் நடமாடிய கனவான்கள் லண்டனில் உண்டு.

பிடிபட்டவரை முதலில் அமீனாவின் ஆட்கள் நடத்திய விடுதி மாதிரியான ஒரு வீட்டில் வைப்பார்கள். அங்கே அறைக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு. கையிலிருப்பது கரைந்ததும் ஃப்ளீட், கிங்ஸ் பெஞ்ச், மார்ஷல்சி என்று ஏதாவது ஒரு ஜெயில். அங்கேயும் எல்லாவற்றுக்கும் கட்டணம்தான், ஜெயில் வார்டன் பதவியையே விலைக்கு வாங்கி லாபம் பார்த்த காலம் அது. ராபர்ட் காஸ்டெல் என்ற கட்டடக் கலைஞர் ஃப்ளீட்டில் இருந்தார். வார்டன் தாமஸ் பாம்பிரிட்ஜ் கேட்ட பணத்தைத் தொடர்ந்து கொடுக்க அவரால் முடியவில்லை. பெரியம்மை பரவியிருந்த வீட்டுக்கு அவரை மாற்ற உத்தரவு போனது. எனக்கு இன்னும் அம்மை வந்ததில்லை, அங்கே அனுப்பினால் செத்துப்போவேன் என்று கெஞ்சினார். அனுப்பினார்கள். 1728-இல் அங்கேயே அம்மை கண்டு இறந்தார். அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஓக்லதார்ப் நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் 1729-இல் விசாரணைக் குழு அமைந்தது. பாம்பிரிட்ஜ் மீது கொலை வழக்கும் நடந்தது. விடுதலை ஆகிவிட்டார்.

1770-களில் ஜான் ஹோவர்டு இங்கிலாந்து, வேல்ஸ் ஜெயில்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக் கணக்கெடுத்தார். மொத்தக் கைதிகள் 4,084, அதில் கடனாளிகள் 2,437. திருடன், கொலைகாரன் எல்லோரையும் கூட்டினாலும் கடனாளிகளின் எண்ணிக்கைக்கு வரவில்லை. கூடவே வந்து தங்கிய மனைவி மக்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இனி அந்த வீடியோ விஷயம். டிக்ரி (கடனைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு) ஆனபின் கடனாளியைப் பிடித்து வைப்பது, கடனுக்கு ஈடாக உடம்பைப் பிடிப்பது. ஈடு என்றால் ஈடுதான், கட்டிய பணம் அல்ல. அடகுக்கடையில் நகை பத்து வருஷம் கிடக்கிறது என்பதற்காக அசல் குறையுமா? அதே கதைதான். ஆள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கடன் அப்படியே நிற்கும், ஜெயில் கட்டணம் வேறு மேலே ஏறும். கடன் அடைந்தாலும் கட்டண பாக்கிக்காகவே உள்ளே கிடந்தவர்கள் உண்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, வீடியோக்காரர் அதைத்தான் பாதியில் கேட்டுவிட்டு ஓடியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆளைப் பிடித்து வைத்திருக்கும்வரை அதே டிக்ரிக்கு அவருடைய சொத்தில் கை வைக்க முடியாது. ஆளா, சொத்தா என்று கடன் கொடுத்தவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அது மட்டுமல்ல, பிடித்தவர் தானாக இரங்கி வெளியே விட்டால் அந்த டிக்ரி தீர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இதனால் நடந்தது என்ன? இரங்க நினைத்தவரும் இரங்கவில்லை, விட்டால் பணம் போச்சே! இன்னொரு பக்கம், நிலபுலன் உள்ள சில கடனாளிகள் கட்டணம் கட்டி ஜெயிலைச் சுற்றியிருந்த அனுமதிக்கப்பட்ட தெருக்களிலேயே வீடு எடுத்துச் சௌகரியமாகக் காலம் தள்ளினார்கள், சொத்து பிள்ளைகளுக்கு மிஞ்சட்டும் என்று. அதுவும் செல்லவில்லை. கைதி உள்ளேயே செத்தால் சொத்தின் மீது போகலாம் என்று அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே சட்டம் வந்துவிட்டது. செத்த பிறகும் தீராத கடனை உயிரோடு உட்கார்ந்து தீர்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள், கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

1759-இல் ஒரு சட்டம் வந்தது. 100 பவுண்டுக்கு உட்பட்ட டிக்ரிக்காக உள்ளே இருப்பவர், தன் சொத்து விவரம் முழுவதையும் சத்தியப் பிரமாணத்தோடு எழுதி ஒப்படைத்தால் வெளியே வரலாம். ‘இல்லை, உள்ளேயே இருக்கட்டும்’ என்று கடன் கொடுத்தவர் பிடிவாதம் பிடித்தால் அவர்தான் வாரம் 2 ஷில்லிங் 4 பென்ஸ் சாப்பாட்டுச் செலவு கட்ட வேண்டும். ஒருமுறை கட்டத் தவறினாலும் ஆளை விட்டுவிடுவார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஈ.பி. (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டுக் கடனாளியை சிவில் ஜெயிலுக்கு அனுப்பும்போது டிக்ரிதாரர் பேட்டா கட்டுகிறாரே, அதே வழக்கம். மாதாமாதம் கட்டத் தவறி ஆள் வெளியே வந்ததும், கட்சிக்காரர் வந்து வக்கீலைத் திட்டுவதும் எங்கள் கோர்ட்டில் சாதாரணம்.

அந்தச் சட்டத்திலும், அவ்வப்போது நாடாளுமன்றம் ஜெயில் நிரம்பி வழியும்போது போட்ட விடுவிப்புச் சட்டங்களிலும் ஒரே கதைதான். வெளியே வருவது ஆள். பின்னால் சம்பாதிக்கும் சொத்தின் மீது பழைய கடன் தொடர்ந்து உட்கார்ந்திருக்கும். நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 58-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: விடுதலை ஆனதாலேயே கடன் தீராது. மூன்று மாதம்தான் உச்சவரம்பு என்பது உண்மை. ஆனால் அது ஜெயிலுக்கு வரம்பு. உங்கள் கடனுக்கு அல்ல.

அப்படியானால் கடனையே ரத்து செய்யும் வழி அன்று இல்லையா? இருந்தது. வியாபாரிக்கு மட்டும். விவசாயிக்குக் கிடையாது, கனவானுக்குக் கிடையாது, கூலிக்காரருக்குக் கிடையாது. 1705 சட்டமும், அதைத் திருத்திக் கட்டிய 1732 சட்டமும்தான் அந்த வாசல். வியாபாரி தானாகப் போய் மனு போடவும் முடியாது. அவரிடமிருந்து குறைந்தது 100 பவுண்டு வரவேண்டிய, கடன் கொடுத்த ஒருவர்தான் போட வேண்டும். சொத்தெல்லாம் ஒப்படைத்து, விசாரணைக்கு உட்கார்ந்து, கடன் கொடுத்தவர்களில் எண்ணிக்கையிலும் தொகையிலும் ஐந்தில் நான்கு பங்கு கையெழுத்துப் போட்டால்தான் விடுவிப்புச் சான்றிதழ். ஒழுங்காக நடந்துகொண்டு பவுண்டுக்கு 10 ஷில்லிங்காவது திருப்பியவருக்கு, வசூலான நிகரச் சொத்தில் 5 சதவீதம் 200 பவுண்டுக்கு மிகாமல் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

மறைத்தால்? 20 பவுண்டு மதிப்புள்ள சொத்தை மோசடியாக மறைத்தாலோ, 42 நாளுக்குள் வந்து ஆஜராகாவிட்டாலோ தூக்கு. சும்மா பயமுறுத்த எழுதிவைத்தது அல்ல. ஜான் பெரட் என்ற லண்டன் ஜவுளி வியாபாரி சொத்தை மறைத்ததற்காக 1761-இல் ஸ்மித்ஃபீல்டில் தூக்கிலிடப்பட்டார். தூக்கு என்றதும் வழக்குப் போடவே பலர் தயங்கியதால் மாட்டியவர்கள் வெகு சொற்பம். சொத்தை மறைக்காதவர்களும் வேறு தந்திரம் செய்தார்கள். நண்பரை விட்டே மனுப் போடச் சொல்வது, கடன் கொடுத்ததாகப் பொய் ஆட்களை உண்டாக்கி ஐந்தில் நான்கைத் தேற்றுவது. இன்று மச்சான் பெயரிலும் சித்தப்பா பெயரிலும் பழைய தேதியிட்ட புரோநோட்டோடு வருகிறவர்களே, இது உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரியும்.

காலனிகளில் நிலைமை இன்னும் கடுமை. இங்கிலாந்தில் சாதாரணக் கைக்கடனுக்கு நிலத்தை விற்றுவிட முடியாது. ஆனால் அதே 1732-இல் இன்னொரு சட்டம் போட்டு, அமெரிக்கக் காலனிகளில் கடனாளியின் நிலம், வீடு, அடிமைகள் எல்லாவற்றையும் தட்டுமுட்டுச் சாமான் போல விற்றுக்கொள்ளலாம் என்றார்கள். லண்டன் வணிகர்கள் கேட்டு வாங்கிய சட்டம் அது. எஜமான் வாங்கிய கடனுக்காகத் தாய் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமும் ஏலம் போனார்கள். அடிமைகள் சம்பந்தப்பட்ட அந்த வாசகத்தை நீக்க 1797 ஆயிற்று. ஓக்லதார்ப் கடனாளிகளைக் கூட்டிப்போய்க் குடியேற்றியதுதான் ஜார்ஜியா என்று இன்னொரு கதை சுற்றுகிறது, அதையும் நம்பாதீர்கள். அப்படிப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வர்ஜீனியாவின் புகையிலைப் பண்ணைக்காரர்கள் பிரிட்டிஷ் வணிகர்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கடன்பட்டிருந்தார்கள். 1773-இல் மாமனார் ஜான் வேல்ஸ் இறந்தபோது பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொத்தோடு அவருடைய கடனும் சேர்ந்தே வந்தது. அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. பிரிட்டிஷ்காரனுக்குத் தர வேண்டியதை மாநிலத்தின் கடன் அலுவலகத்தில் காகிதப் பணமாகக் கட்டலாம் என்று வர்ஜீனியா 1777-இல் சட்டம் போட்டது. பலரும் சந்தோஷமாகக் கட்டி ரசீது வாங்கினார்கள், ஜெஃபர்சனும் கட்டினார். போரை முடித்த 1783 பாரிஸ் ஒப்பந்தம் பழைய கடன்களை முழு மதிப்பில் வசூலிக்கத் தடை கூடாது என்றது. 1796-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ரசீது செல்லாது, கடன் கொடுத்தவருக்கே திரும்பக் கட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. யாரிடம் கடன் வாங்கினீர்களோ அவரிடம் கட்டாமல் இடையில் நிற்கும் ஏஜெண்டிடம் கட்டிவிட்டு, துண்டுச்சீட்டோடு வருகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

கடனாளிகளை மட்டும் சொல்லி முடித்தால் ஓரவஞ்சனை. நம் பக்கத்து உதாரணம் ஆற்காடு நவாப் முகமது அலி. பால் பென்ஃபீல்டு போன்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் அவருக்குக் கடன் கொடுத்ததாகக் காகிதங்களைக் குவித்தார்கள், நாட்டின் வரி வருமானமே வட்டிக்குப் போனது. எட்மண்டு பர்க் 1785-இல் நாடாளுமன்றத்தில் இதைப் பிடித்து உலுக்கினார். நவாபின் ஆட்சி கம்பெனியிடம் போனபின் 1805-இல் ஆணையர்களை நியமித்துக் கடன் பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, உரிமை கோரிய தொகையில் பெரும்பகுதி நிற்காமல் தள்ளுபடியானது. ஒரு நவாபுக்கே இந்த கதி என்றால், வெற்று புரோநோட்டிலும் தொகை எழுதாத செக்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உங்களை என்ன சொல்ல?

இங்கிலாந்தின் திவால் முறை 1828 சட்டத்தில் சென்னைப் பட்டணத்துக்கு வந்து, 1909 சட்டமாகியது; வெளி மாவட்டங்களுக்கு 1907-இல் தனிச் சட்டம் வந்து, 1920-இல் அதற்குப் பதில் இப்போதுள்ள சட்டம் வந்தது. அதில் இப்போது உங்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் பிரதிபலன் இல்லாமல் எழுதிக்கொடுத்த சொத்தை ரிசீவர் (திவாலானவர் சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் நியமிப்பவர்) திரும்பக் கேட்கலாம். பத்திரச் செலவு உங்களுக்குத்தான் நஷ்டம். மஞ்சள் நோட்டீஸ் அனுப்பியதும் வேலை முடியவில்லை, திவாலானவர் என்று ஆணை வாங்கி, பிறகு குறித்த காலத்துக்குள் விடுவிப்புக்குத் தனியாக மனுப் போட வேண்டும். போடாமல் விட்டால் ஆணையையே ரத்து செய்துவிடுவார்கள். அரசாங்க பாக்கியும், மோசடியால் வந்த கடனும் விடுவிப்பிலும் தீராது. சொத்து விவரத்தில் ஒரு சென்ட் நிலத்தைக்கூட விடாதீர்கள். தூக்கு இப்போது இல்லை, ஆனால் வேண்டுமென்றே மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு. அது நிஜமான தண்டனை, பேட்டா யாரும் கட்ட வேண்டியதில்லை.

தயவுசெய்து, பத்திர ஆபீசுக்குப் போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் போங்கள், நானாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. போகும்போது யாருக்கு எவ்வளவு என்று கைமாத்து, சீட்டு, நகைக்கடன் உட்பட எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மனைவிக்குத் தெரியாமல் வாங்கியதும் அதில் இருக்கட்டும்.