ஹாபி சி.என்.சி. கன்ட்ரோலர்: கரண்ட் போய் வந்தால் உங்கள் மெஷின் என்ன செய்யும்?

கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தை வெட்டும் சி.என்.சி. ரவுட்டரைப் புதிதாகக் கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்பது எத்தனை ஆக்சிஸ் (நகரும் திசை), என்ன வேகம், என்ன விலை என்றுதான். இந்த மெஷின்களுக்கு வயரிங் செய்வதும் பழுது பார்ப்பதும் என் தொழில், அதனால் நான் திருப்பிக் கேட்பது வேறு. ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றால், கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்?

ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் கன்ட்ரோலர் மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், சின்ன மூன்று ஆக்சிஸ் மெஷினுக்கு அருமையானது, ஆரம்பிக்கிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். கம்ப்யூட்டர் ஜி-கோடை (எங்கே நகர வேண்டும் என்ற கட்டளைகளை) வரிவரியாக யுஎஸ்பி வழியே அனுப்பும், மோட்டாரை அடி அடியாக நகர்த்தும் பல்ஸை போர்டு உருவாக்கும். நடுவில் லேப்டாப் ஸ்லீப் மோடுக்குப் போய் வரிகள் வருவது நின்றால், கையில் இருப்பதை முடித்துவிட்டு மோட்டார்கள் நின்றுவிடும். ஆனால் கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டிலை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லையே, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். மரத்துக்குள் ஒரே இடத்தில் நின்று சுற்றும் கட்டர் சூடேறிப் புகையும், பக்கத்தில் தூள் குவிந்திருந்தால் தீயே பிடிக்கலாம். மெஷினை ஓடவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள் என்று நான் சண்டை போடுவது இதற்காகத்தான்.

வேகக் கணக்கு எளிது. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுக்கும் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16-ஆகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்க்ரூ என்றால் ஒரு மி.மீ.க்கு 640 பல்ஸ். யூனோவில் ஜிஆர்பிஎல் நொடிக்கு 30,000 பல்ஸ் வரை தரும், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 2,800 மி.மீ. மரம், அக்ரிலிக் வெட்டுகிற பலருக்கு இது தாராளம், போதவில்லை என்றால் இன்னும் வேகமான ஈஎஸ்பி32 போர்டில் ஓடும் ஃப்ளூயிட்என்சி மென்பொருள் பக்கம் போகலாம். பழைய பேரலல் போர்ட் வழியே மாக்3 என்ற கன்ட்ரோல் மென்பொருளை ஓட்ட 32-பிட் விண்டோஸ் வேண்டும், இனிமேல் புதிதாக அதில் இறங்காதீர்கள். லினக்ஸ்சிஎன்சி பலமானது, ஆனால் எந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டப்போகிறீர்களோ அதிலேயே லேட்டன்சி டெஸ்ட் (கம்ப்யூட்டர் எவ்வளவு தாமதிக்கிறது என்ற சோதனை) ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஆக்சிஸ் எல்லையைத் தொட்டதும் சொல்லும் லிமிட் சுவிட்சுக்கு, ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியே கடத்தி மின் இணைப்பைப் பிரித்து வைக்கும் பாகம்) உள்ள போர்டாகப் பாருங்கள். ஸ்பிண்டில் வயர் பக்கத்திலேயே சுவிட்ச் வயரும் ஓடினால் நாய்ஸ் புகுந்து, சுவிட்சைத் தொடாமலே அலாரம் அடித்து ஜாப் பாழாகும். சுவிட்சை என்.சி. (நார்மலி க்ளோஸ்டு, தொடாதபோது இணைந்தே இருக்கும்) முறையில் இணைத்தால் வயர் அறுந்தாலும் உடனே தெரிந்துவிடும். யூனோ மேல் மாட்டும் சி.என்.சி. ஷீல்டு வி3 போர்டை வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள், ஜிஆர்பிஎல் 1.1-இல் இசட் லிமிட் பின் 12-க்கும் ஸ்பிண்டில் பின் 11-க்கும் இடம் மாறியிருக்கும், போர்டில் அச்சடித்ததை நம்பி மாட்டினால் ஹோமிங்கில் (சுவிட்சைத் தேடி ஆரம்ப இடத்துக்குப் போகும்போது) இசட் ஆக்சிஸ் நிற்காது.

எமர்ஜென்சி ஸ்டாப்பில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. திரையில் இருக்கும் ஸ்டாப் பட்டன் எமர்ஜென்சி ஸ்டாப் ஆகாது, போர்டின் ரீசெட் பின்னில் பட்டனை இணைத்து அதோடு நிறுத்திக்கொள்வதும் போதாது. கன்ட்ரோலர் தொங்கிப்போனாலும் சிவப்புப் பட்டன் வேலை செய்ய வேண்டும் என்றால், அது ஒரு கான்டாக்டரின் (மின்காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்சின்) காயிலுக்குப் போகும் மின்சாரத்தை அறுத்து, ஸ்பிண்டிலுக்கும் மோட்டார் டிரைவர்களுக்கும் போகும் சப்ளையையே நிறுத்த வேண்டும். தனி ஸ்டார்ட் பட்டனோடு செல்ஃப் ஹோல்டிங் (ஒருமுறை அழுத்தினால் கான்டாக்டர் தன்னைத் தானே பிடித்து வைத்து, கரண்ட் போனால் விடும் இணைப்பு) வைத்துக் கட்டினால் கரண்ட் போய் வந்தாலும் எதுவும் தானாகக் கிளம்பாது. கை ரவுட்டரை ஸ்பிண்டிலாக மாட்டியவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் அதன் சுவிட்ச் ஆன் நிலையிலேயே இருக்கும், கட்டரை மாற்றக் கை வைத்திருக்கும் நேரத்தில் கரண்ட் வந்தால் விரல் போய்விடும்.

கட்டி முடித்ததும் கட்டர் மாட்டாமல், எல்லாரும் தள்ளி நின்று, ஒரு ஜாப்பைக் காற்றில் ஓடவிட்டு யுஎஸ்பி கேபிளை உருவிப் பாருங்கள். அப்புறம் மெயினை ஆஃப் செய்து திரும்பப் போடுங்கள். ஸ்பிண்டில் தானாகச் சுற்றினால், கான்டாக்டர் மாட்டும்வரை கட்டரைத் தொடாதீர்கள்.