கிராப்: கதிரை அறுப்பதிலிருந்து படத்தை நறுக்குவது வரை

அவசரத்தில் தமிழாக்கப்பட்ட சில படத்திருத்தச் செயலிகளில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு மூலைமட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது போன்ற 'கிராப்' (crop) குறிக்குக் கீழே 'பயிர்' என்று எழுதியிருக்கும். ஓரத்தை நறுக்க வந்தவர் நெல்லா, சோளமா என்று யோசிக்க வேண்டியதுதான். மொழிபெயர்த்தது இயந்திரம். அகராதியில் முதலில் கிடைத்த பொருளைப் பிடுங்கி அங்கே நட்டுவிட்டது. ஆனால் அது முழுக்க உளறவில்லை. வயலில் நிற்கும் கிராப்பும் படத்தை நறுக்கும் கிராப்பும் ஒரே சொல்தான்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குச் செடியின் தலை, கதிர், உச்சி என்று பொருள். பறவையின் கழுத்தில் இரை தங்கும் பைக்கும் அதே பெயர். திரண்டு உருண்டு நிற்பது என்பது இரண்டுக்கும் பொது. தலைக்கு இட்ட பெயர் பிறகு தலையைக் கொய்வதற்கும் ஆகிவந்தது. கொய்தெடுத்தது விளைச்சலானது, விளைச்சல் தரும் செடி பயிரானது. இன்னொரு கிளையில் ஆடு நுனிப்புல்லை மேய்வதும் கிராப், தலைமுடியை ஒட்ட வெட்டுவதும் கிராப். இந்த வெட்டும் பொருள்தான் படத்துக்கு வந்து சேர்ந்தது. பத்திரிகை அலுவலகத்தில் அச்சிட்ட புகைப்படத்தின்மேல் பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளே இருப்பது மட்டும் போதும் என்று, படத்தை அச்சிடுவதற்கான தகட்டை, அதாவது பிளாக்கைச் செய்பவருக்குச் சொல்வார்கள். கணினி அந்தக் கோட்டை இழுத்து நகர்த்தும் சட்டமாக மாற்றிக்கொண்டது.

தமிழுக்கு இந்தச் சொல் கேமரா வழியாக முதலில் வரவில்லை, முடிதிருத்தகம் வழியாக வந்தது. குடுமியை எடுத்துவிட்டு முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டவரைக் 'கிராப்பு வைத்துக்கொண்டான்' என்றார்கள். ஆசாரமான வீடுகளில் அது பெரிய ரகளைக்கு உரிய காரியம். கிராப்புத் தலை, மிலிட்டரி கிராப், சம்மர் கிராப் என்று அது பேச்சில் ஊறிப்போய், ஆங்கிலச் சொல் என்ற நினைப்பே இல்லாமல் புழங்கியது. அதே சொல் போனுக்குள் புகுந்தபோது 'கிராப் பண்ணு' என்று மறுபடி ஒருமுறை கடன் வாங்கிக்கொண்டோம். முதலில் வாங்கியதற்குப் 'பு' சேர்த்துத் தமிழாக்கினோம், இரண்டாவதற்கு அந்த மரியாதையும் இல்லை.

சரி, படத்தில் இது செய்வது என்ன? வெளிப்பகுதியை நீக்குகிறது, அவ்வளவுதான். உள்ளே எஞ்சியதைச் சுருக்குவதோ இழுப்பதோ இல்லை. ஒரு கல்யாண வீட்டுக் குழுப் படம் 4000 பிக்சல் அகலம், 3000 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். சதுரமாக்கினால் 3000-க்கு 3000, கால்வாசி போய்விடும். இன்ஸ்டாகிராமின் நெட்டைப் பதிவுக்கு 4-க்கு 5 என்ற விகிதம் வேண்டும் என்றால் அகலம் 2400 ஆகும், 40 சதவீதம் காலி. ஸ்டோரிக்கு 9-க்கு 16 என்றால் அகலம் ஏறக்குறைய 1688 தான் தேறும், பாதிக்கும் மேல் போச்சு. நடுவில் மணமக்கள் இருப்பார்கள், ஓரத்தில் நின்ற மாமாவும் சித்தியும் இருக்க மாட்டார்கள். அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதில் சொல்லி மாளாது.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு வேலை ரீசைஸ். மேலே கிடைத்த 2400-க்கு 3000 படத்தை 1080-க்கு 1350 ஆக்குவது அது. இதில் யாரும் வெளியேறுவதில்லை, எல்லோரும் அதே இடத்தில் சிறிதாகிறார்கள். இதற்கு 'அளவு மாற்று' என்பதே போதும். முதலில் விகிதத்துக்கு நறுக்கி, அதன்பின் அளவைக் குறைப்பதுதான் முறை. விகிதத்தைக் கவனிக்காமல் அளவை மட்டும் மாற்றும்போதுதான் ஃபிளெக்ஸ் பேனர்களில் மெலிந்தவர்கள் பருத்தும் பருத்தவர்கள் நெடிதாகியும் நிற்கிறார்கள்.

நறுக்கு ஒரு படத்தின் பொருளையே மாற்றிவிடும். நம் ஊர் டி-சர்ட்டுகளில் தெரியும் சே குவேராவின் முகம், 1960 மார்ச் 5-இல் ஹவானாவில் கியூபப் புகைப்படக் கலைஞர் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்தது. முழுப்படத்தில் ஒரு பக்கம் வேறொருவரின் பக்கவாட்டு முகம், மறுபக்கம் பனைவகை மரம் ஒன்றின் ஓலைகள். இரண்டும் போனதும் அது ஒரு கூட்டத்தில் எடுத்த படமாக இல்லாமல் போயிற்று.

இன்றைக்கு எங்கே நறுக்குவது என்பதைப் பல நேரம் தளங்களே தீர்மானிக்கின்றன. 2010-இல் வந்த இன்ஸ்டாகிராம் 2015 ஆகஸ்ட் வரை சதுரப் படத்தைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. முழுப்படமும் வேண்டியவர்கள் வெள்ளை ஓரம் ஒட்டிச் சமாளித்தார்கள். பார்த்துப் பார்த்துச் சதுரமாக அடுக்கியவர்களுக்கு 2025 ஜனவரியில் முகப்புக் கட்டங்களையே நெட்டையாக்கி இன்னொரு வேலை வைத்தது. ட்விட்டர், படத்தின் எந்தப் பகுதியைக் காட்டுவது என்று முடிவுசெய்ய இயந்திரத்தின் கையில் கத்தியைக் கொடுத்துப் பார்த்தது. அது கறுப்பின முகங்களைவிட வெள்ளையர் முகங்களையும், ஆண்களைவிடப் பெண்களையும் கூடுதலாகத் தேர்ந்தெடுத்ததை நிறுவனமே 2021-இல் ஒப்புக்கொண்டு, போனில் படங்களை முழுதாகக் காட்டத் தொடங்கியது.

இனி தமிழ்ச்சொல். 'வெட்டு' என்று போட முடியாது, அந்த இடத்தைக் 'கட்' எப்போதோ பிடித்துவிட்டது. வெட்டு, நகலெடு, ஒட்டு என்று மூன்றும் சேர்ந்தே திரிகின்றன. 'கத்தரி' நல்ல சொல். செடியின் நுனியைக் கத்தரிப்பது கிராப்பின் பழம்பொருளுக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் தனியாக ஒரு பொத்தானில் நின்றால் காய்கறிக் கடையாகிவிடும், பயிரை விட்டுக் கத்தரிக்காய்க்கு வந்த கதைதான்.

செயலிகளில் இப்போது நிலைத்துவருவது 'செதுக்கு'. கேட்டதும் சிற்பியின் உளிதான் நினைவுக்கு வரும். நாலு நேர்க்கோட்டில் ஓரத்தை எடுப்பதற்கு இத்தனை பெரிய சொல்லா என்று எனக்கும் தோன்றும். ஆனால் தமிழில் புல்லையும் செதுக்குகிறோம், வரப்பையும் செதுக்குகிறோம். வேண்டாததை நீக்கி வடிவுக்குக் கொண்டுவருவது என்பது அதில் இருக்கிறது. புழக்கத்துக்கு வந்துவிட்டதால் பொத்தானுக்கு அதுவே இருக்கட்டும்.

விளக்கி எழுதும்போதும் பேசும்போதும் நான் 'நறுக்கு' என்றே சொல்வேன். சுவடிக்கு ஓலை தயாரிக்கும்போது ஈர்க்கை நீக்கி, இரு நுனிகளையும் ஒரே அளவாக நறுக்குவார்கள். அப்படி நறுக்கிய துண்டுக்கும் நறுக்கு என்றே பெயர், ஓலை நறுக்கு என்பது அதுதான். வினைக்கும் விளைந்த பொருளுக்கும் ஒரே சொல் கிடைப்பது வசதி. 'படத்தைச் சதுரமாக நறுக்கி அனுப்பு' என்றால் யாருக்கும் புரியும். 'இந்த நறுக்கு சரியில்லை, தலை இடிக்கிறது' என்றாலும் புரியும். பக்கத்துணைகளான ஆஸ்பெக்ட் ரேஷியோவை அகல உயர விகிதம் என்றும், ரெசல்யூஷனைப் பிரிதிறன் என்றும் சொல்லலாம்.

நறுக்கியது உண்மையிலேயே போய்விட்டதா என்பது வேறு கேள்வி. போனின் படத்தொகுப்பில் நறுக்கிய படத்தைப் பெரும்பாலும் பழையபடி மீட்கலாம், மூலம் உள்ளேயே இருக்கும். 2023 மார்ச்சில் வெளிவந்த சிக்கல் இன்னும் மோசம். கூகுள் பிக்சல் போன்களின் திருத்தக் கருவி, நறுக்கிய திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்டை) பழைய கோப்பின்மேலேயே எழுதியது. புதியது சிறியதாக இருந்தால் பழையதன் வால் கோப்பில் அப்படியே தங்கியது. மறைத்துவிட்டதாக நினைத்த பகுதியைப் பிறர் ஓரளவு மீட்டெடுக்க முடிந்தது. விண்டோஸ் 11-இன் திரைப்பிடிப்புக் கருவியிலும் அதே கோளாறு இருந்தது. இரண்டையும் பிறகு சரிசெய்தார்கள். அதற்கு முன்பே நறுக்கி அனுப்பிய கோப்புகளை அந்தத் திருத்தம் தொடவில்லை.